இரட்டை முனை ரிப்பர் கிட்: ஏழு கைப்பிடி கடைந்த பிறகு

தைப்பதைவிடப் பிரிப்பதில்தான் என் வேலைநாளில் பாதி போகிறது. ஏற்கெனவே தைத்த துணியைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். இடுப்பைப் பிடிப்பது, கையைக் கழற்றி மறுபடி வைப்பது, ஜிப் மாற்றுவது, பேன்ட்டின் கீழ்மடிப்பை இறக்குவது என்று எதுவானாலும் முதல் வேலை பழைய தையலைப் பிரிப்பதுதான். 22 வருடமாக அதற்கு என் கையில் இருந்தது தையல் இயந்திரத்தோடு கூடவே வரும் குட்டி பிளாஸ்டிக் ரிப்பர். பென்சிலைவிட மெல்லிய பிடி. அதை நழுவவிடாமல் வைத்துக்கொள்ள பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நாள் முழுக்க இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். போன வருடம் வலது பெருவிரலின் அடிமூட்டு மாலையானால் குத்த ஆரம்பித்தது. கத்தரிக்கோலைத் தூக்கினால் வலியில்லை, துணியை இழுத்தால் வலியில்லை, ரிப்பரைப் பிடித்தால் மட்டும் வலி.

என் தம்பி மரம் கடைபவன். பெரிதாக ஒன்றுமில்லை, பேனா, சாவிக்கொத்துப் பிடி, பம்பரம் என்று சின்னச் சின்னச் சாமான்களுக்கு ஒரு மேசை லேத் வைத்திருக்கிறான். "அக்கா, பேனாவுக்கு வர்ற மாதிரியே ரிப்பருக்கும் கிட் வருது. வெட்டுற அலகும் பூணும் அவங்க தர்றாங்க, பிடியை உன் கைக்கு ஏத்த மாதிரி நாமே கடைஞ்சுக்கலாம்" என்றான். நான் கேட்டது ஒரே ஒரு பிடிதான். இப்போது பதினான்கு மாதம் ஆகிறது, ஏழு பிடி முடிந்துவிட்டது, அதில் கடைசி மூன்றையும் நானே கடைந்தேன். தினமும் தையல் பிரிக்கிற ஒருத்தி இதைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை. கடைபவர்கள் எழுதுவதில் மரத்தின் பளபளப்புதான் நிறைய இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கிட்டுக்குள் என்ன வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பித்தளைக் குழாய், அதன் இரண்டு முனையிலும் அழுத்திப் பொருத்த இரண்டு உலோகப் பூண்கள், பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று. ஒவ்வோர் அலகும் ஒரு சிறு உலோகத் தண்டில் பதிந்திருக்கும். வேலை முடிந்ததும் தண்டை உருவி, திருப்பிச் செருகினால் கூர்முனை பிடிக்குள் போய்விடும். பையில் போட்டால் விரலைக் குத்தாது, மூடியைத் தொலைத்துவிட்டுத் தேட வேண்டியதும் இல்லை. எனக்குக் கிட்டில் முதலில் பிடித்தது இதுதான், இன்றைக்கும் பிடித்தது இதுதான்.

அலகைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ரிப்பர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வார்த்தை. கவட்டை மாதிரி இரண்டு கிளை இருக்கும். நீளமானது ஊசி போலக் கூராக இருக்கும், குட்டையான கிளையின் நுனியில் ஒரு சின்ன உருண்டை இருக்கும். வெட்டும் வாய் இரண்டுக்கும் நடுவில் உள்ள வளைவில் இருக்கிறது. ஒவ்வொரு தையலாக எடுக்கும்போது நீளக் கிளை நூலுக்கு அடியில் போகும். இரண்டு துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பிரித்துக்கொண்டே போகும்போது உருண்டைதான் துணியில் பட்டுக்கொண்டு வழுக்கிப் போக வேண்டும், அது இருந்தால் முனை துணிக்குள் இறங்காது. நிறையப் பேர் அந்த உருண்டையை அலங்காரம் என்றே நினைத்திருக்கிறார்கள்.

சின்ன அலகு அருமை. நெருக்கமான தையல், ஓவர்லாக், காஜாவைச் சுற்றிய நூல், எல்லாவற்றுக்கும் அதன் நுனி மெலிவாக அடியில் போய்விடுகிறது. பதினான்கு மாதத்தில் ஒரு தடவைதான் மாற்றினேன். பெரிய அலகைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வந்த பெரிய அலகுகளில் மூன்றில், உருண்டை உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு சிறு விளிம்பு துருத்திக்கொண்டிருந்தது. பருத்தியில் அது தெரியாது. ஜார்ஜெட்டிலும் பட்டிலும் இழையைப் பிடித்து இழுத்துவிடும். நான் இப்போது எந்தப் புது அலகு வந்தாலும் முதலில் பழைய நைலான் காலுறை ஒன்றின் மேல் உருண்டைப் பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன். எங்கேயாவது மாட்டினால் 600 எண் உப்புத்தாளை மெல்லிய கீற்றாக வெட்டி அந்த விளிம்பை மட்டும் தேய்த்துவிடுவேன். வெட்டும் வாயில் உப்புத்தாள் படக் கூடாது.

அலகு மழுங்கும். இதை மறுபடி மறுபடி சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் பலர் பத்து வருடமாக ஒரே ரிப்பரை வைத்துக்கொண்டு, தையல் வெட்டுப்படவில்லை என்று இழுக்கிறார்கள். மழுங்கிய அலகு நூலை வெட்டாது, இழுத்து அறுக்கும், அறுந்த வேகத்தில் கை முன்னால் பாய்ந்து துணியைக் கிழிக்கும். பாலியெஸ்டர் நூல் பருத்தி நூலைவிட உறுதியானது, ஒவ்வொரு தையலுக்கும் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும், அப்போதுதான் மழுங்கல் நன்றாகத் தெரியும். ஆகவே ரிப்பர் கிட் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அலகைத் தனியாக மாற்ற முடியுமா என்பதுதான். மரத்தைப் பற்றிய கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம்.

இதை நான் ஒரு தவறான கிட்டில் கற்றுக்கொண்டேன். இந்த இரட்டை முனைக்கு முன்னால் வேறோர் இடத்திலிருந்து ஒற்றை முனைக் கிட் ஒன்று வாங்கினோம். அலகை மரத்துக்குள்ளேயே பசை வைத்து ஒட்டச் சொல்லியிருந்தார்கள். தம்பி ஆலிவ் மரத்தில் அவ்வளவு பொறுமையாகக் கடைந்து கொடுத்தான். ஐந்தாவது மாதம் அலகு மழுங்கியபோது, நன்றாக இருக்கும் பிடியைத் தூக்கிப் போடுவதா என்று எனக்கு மனம் வரவில்லை. எப்பாக்ஸி பசை சூட்டில் இளகும் என்பதால், சூடான சால்டரிங் அயர்னை அலகின் உலோகத்தில் சிறிது நேரம் தொட்டு வைத்து, குறடால் உருவினான். வந்துவிட்டது, ஆனால் பிடியின் வாய் சற்றுக் கருகிவிட்டது. அந்தக் கருகலோடு அது இன்னும் என் மேசையில் இருக்கிறது. இரட்டை முனைக் கிட்டில் இந்தத் தொல்லை இல்லை. தண்டோடு சேர்ந்த அலகு தனியாகவே கிடைக்கிறது, பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருக வேண்டியதுதான்.

இனி கடைசல்.

கட்டை 19 மில்லிமீட்டர் சதுரம் இருந்தால் போதும், நீளம் குழாயைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டிக்கொள்ள வேண்டும். துளையிடும்போது துளை வெளியே வரும் பக்கம் மரம் பிய்ந்துவிடும், அந்தப் பக்கத்தை அப்புறம் அறுத்து எறிந்துவிடலாம் என்பதற்குத்தான் அந்தக் கூடுதல். என் கிட்டுக்கு 8 மில்லிமீட்டர் துளை. உங்களுடைய கிட்டில் வேறாக இருக்கலாம், தாளில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் குழாயைக் காலிப்பரில் (தடிமனை நுணுக்கமாக அளக்கும் கருவி) வைத்து அளந்துவிட்டுத் துரப்பணம் எடுங்கள். துளையை ஒரே மூச்சில் போடக் கூடாது. கொஞ்சம் போட்டு, வெளியே எடுத்து, தூளைத் தட்டி, மறுபடி போட வேண்டும். கருங்காலியில் இதை மதிக்காமல் போட்டு ஒரு கட்டையை இழந்தோம். சூடு ஏறி உள்ளே மயிரிழை வெடிப்பு விழுந்திருந்தது, கடைந்து மெருகேற்றிய பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

குழாயை ஒட்டும் முன் அதன் மேல்பரப்பை உப்புத்தாளில் சொரசொரப்பாக்க வேண்டும், இல்லையென்றால் பசை பித்தளையைப் பிடிக்காது. தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரம் என்றால் துளையின் உட்புறத்தை அசிட்டோன் நனைத்த துணிக்குச்சியால் துடைத்து, உலர்ந்தவுடன் ஒட்டிவிட வேண்டும். இந்தக் கிட்டுக்கென்றே ஒரு கவனம் உண்டு: குழாய்க்குள் பசை போகக் கூடாது. பேனாவில் சிறு துளி போனால் சுரண்டிக்கொள்ளலாம். இதில் அலகு பின்வாங்கி உள்ளே போக வேண்டுமே! உள்ளே ஒரு கட்டி பசை இருந்தால் தண்டு பாதியில் நின்றுவிடும். நான் குழாயின் இரண்டு வாயையும் மெழுகு வைத்து அடைத்துவிட்டு ஒட்டுகிறேன், ஒட்டி இறுகிய பிறகு மெழுகை ஒரு குச்சியால் தள்ளினால் போதும்.

அதே மாதிரி, நீளத்தைக் குறைக்க ஆசைப்படக் கூடாது. என் கை சின்னது, பிடி கொஞ்சம் குட்டையாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று மூன்றாவது பிடியில் குழாயை 12 மில்லிமீட்டர் அறுத்துக் குறைத்தோம். இரண்டு அலகையும் ஒரே நேரத்தில் உள்ளே திருப்பினால் நுனியோடு நுனி முட்டியது. சின்ன அலகின் நுனி வளைந்தே போனது. கிட்டோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, இருந்திருக்க வேண்டும்.

கட்டையின் இரு முனையையும் குழாயின் அச்சுக்குச் சரியான செங்குத்தாகச் சீவிக்கொண்ட பிறகே லேத்தில் ஏற்ற வேண்டும். இது கோணினால் பூணுக்கும் மரத்துக்கும் நடுவில் நகம் போகிற அளவு இடைவெளி வந்துவிடும், அந்த இடைவெளியில் நூல் மாட்டும். நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் வைத்து, முதலில் வளைந்த வாயுள்ள உளியால் சதுரத்தை உருளையாக்கி, அப்புறம் சாய்வு உளியால் வடிவம் கொண்டு வருவோம். சாய்வு உளி சரியாக அமைந்துவிட்டால் சீவல் ரிப்பன் மாதிரி சுருண்டு வரும், உப்புத்தாளுக்கு வேலையே குறைந்துவிடும். அது கைக்கு வர எனக்கு நான்கு மாதம் ஆனது. முகம் முழுக்க மறைக்கும் கண்ணாடிக் கவசம் போடாமல் நான் லேத் பக்கம் போவதில்லை. துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, தொங்கும் முடி எதுவும் கிட்டே இருக்கக் கூடாது. ஈட்டித் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும், அதற்கு மூக்குக்கவசமும் வேண்டும். மெருகேற்றும்போது துணி கூடாது, காகிதத் துண்டுதான். துணி சுழலில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும், காகிதம் கிழிந்துவிடும்.

வடிவத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் முதல் பிடி தோற்றது.

இந்த இரட்டை முனைக் கிட்டுக்குத் தம்பி முதலில் கடைந்தது ஈட்டியில். வைரம் பாய்ந்த பகுதி, கறுப்புக் கோடு ஓடிய அழகான துண்டு. நடுவில் மணி போல இரண்டு உருண்ட புடைப்பு, இரண்டு பக்கமும் பள்ளம், அதன்மேல் சயனோஅக்ரிலேட் பசையை (சூப்பர் குளூ) எட்டு அடுக்கு பூசி, கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருந்தான். பார்த்தவர்கள் எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். நான் ஒரு சுரிதாரின் இரண்டு பக்கத் தையலைப் பிரித்து முடிப்பதற்குள் மணியின் விளிம்பு பெருவிரலில் பள்ளம் போட்டுவிட்டது. கை வேர்த்தபோது அந்தக் கண்ணாடிப் பூச்சு வழுக்கியது. வழுக்கினால் விரல் தானாக இறுக்கிப் பிடிக்கும், இறுக்கினால் பழைய வலி. இரண்டு வாரம் பயன்படுத்திவிட்டு அவனிடம் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவன் முகம் சுளிக்கவில்லை. என் கையில் மெழுகு உருண்டை ஒன்றைக் கொடுத்து, ரிப்பர் பிடிக்கிற மாதிரியே பிடிக்கச் சொன்னான். விரல் பதிந்த அந்த மெழுகைக் காலிப்பரில் அளந்துதான் அடுத்தது கடைந்தோம்.

அந்த அளவு இது: விரல் பிடிக்கும் இடத்தில் 12 மில்லிமீட்டர், உள்ளங்கையில் உட்காரும் இடத்தில் 16, இரண்டுக்கும் நடுவில் மெல்ல ஏறும் ஒரு சரிவு. பூணை ஒட்டி மரம் பூணின் அளவுக்கே வந்து சேர்கிறது. மணி இல்லை, பள்ளம் இல்லை, விரல் எங்கே போனாலும் எதுவும் இடிக்காது. மரம் மேப்பிள். உப்புத்தாள் 150, 220, 320, 400 வரைக்கும் தேய்த்து, ஒவ்வோர் எண்ணுக்கும் லேத்தை நிறுத்தி மரத்தின் ரேகை போகும் திசையிலேயே ஒருமுறை தேய்த்து, எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் பூசினோம். பளபளப்பு குறைவுதான். ஆனால் பிடிமானம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் மெழுகு தடவ வேண்டியிருக்கிறது, கை பட்டுப் பட்டு நிறம் தேன் மாதிரி இறங்கியிருக்கிறது. வலி ஒரே நாளில் போகவில்லை. ஆறாவது வாரம் ஒரு நாள் இரவு, இன்று பெருவிரலைப் பற்றி நான் நினைக்கவே இல்லையே என்று உணர்ந்தேன்.

எடை கூடும் என்று பயந்திருந்தேன். தராசில் பிளாஸ்டிக் ரிப்பர் 5 கிராம், இது 43 கிராம். பித்தளைக் குழாயும் பூணும்தான் காரணம். ஆச்சரியம் என்னவென்றால் கை இதை விரும்புகிறது. எடை உள்ளங்கையில் உட்கார்ந்துகொள்கிறது, விரல் திசை காட்டினால் போதும்.

கடைந்த பிடிக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு: உருளும். தையல் மேசை கொஞ்சம் சரிந்திருக்கும், அதன்மேல் உருண்டை வடிவத்தில் எதை வைத்தாலும் தரைக்குப் போகும். கூர்முனை கீழ்நோக்கி விழுந்தால் அலகும் போச்சு, கீழே இருக்கும் காலும் போச்சு. இதற்குக் கிட்டில் தீர்வு ஒன்றும் இல்லை. நாங்கள் கண்டது சுலபமானது. கடைந்து முடித்த பிறகு, தட்டையான பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் பிடியின் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்து இழுத்துத் தேய்த்து, 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு தட்டை முகம் கொண்டு வந்தோம். உருளுவது நின்றது. அதோடு எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. அந்தத் தட்டை முகம் பெருவிரலுக்கு அடியில் வரும்படி வைத்துக்கொண்டால், உருண்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமலே தெரிகிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பிரிக்கும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்பது செய்தவருக்குத் தெரியும்.

ஆனால் இங்கேதான் கிட்டின் பெரிய குறை வருகிறது. அலகைத் தாங்கும் தண்டு வட்டமானது, உராய்வில் மட்டும் நிற்கிறது. ஏழெட்டு மாதம் உருவிச் செருகிய பிறகு பிடிப்பு தளர்ந்து, அழுத்தும்போது அலகு உள்ளேயே கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது. உருண்டை கீழே இருக்கிறது என்று விரல் சொல்கிறது, அங்கே இருப்பதோ கூர்முனை. எனக்கு அப்படி ஒரு ரவிக்கையின் தோளில் ஒரு அங்குலம் கிழிந்தது. உடைமைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, அதே துணியில் உள்ளிருந்து ஒட்டு கொடுத்து சரிசெய்தேன். அன்றிலிருந்து தண்டின் மேல் குழாய் இணைப்புக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவை ஒரே ஒரு சுற்று சுற்றிச் செருகுகிறேன், பூணிலும் தண்டிலும் ஒரே நேர்க்கோட்டில் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறேன். வேலை தொடங்கும் முன் இரண்டு கீறலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன். தண்டையும் அதன் துளையையும் சதுரமாகவோ அறுகோணமாகவோ செய்திருந்தால் இந்தத் தொல்லையே இருக்காது. தயாரிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றை மட்டும் செய்துவிடுங்கள்.

பூணின் குரோம் பூச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. தோழி ஒருத்திக்குச் செய்தது தங்க நிறப் பூச்சு, அது விரல் படும் இடத்தில் ஒரு வருடத்துக்குள் வெளுத்துவிட்டது. தினமும் வேலை செய்பவர் குரோமே எடுங்கள்.

யாருக்கு வாங்கலாம் என்று கேட்டால், தினமும் பிரிக்கிறவர்களுக்கும், விரல் மூட்டில் வலி உள்ளவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். கடையத் தெரியாதவர் தெரிந்த கடைசல்காரரிடம் கிட்டைக் கொடுத்துக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். அப்படிக் கொடுக்கும்போது மெழுகு உருண்டையைப் பிடித்துப் பதித்துக் கூடவே கொடுத்துவிடுங்கள், மரத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட அது முக்கியம். மாதத்துக்கு ஒரு பட்டன் தைப்பவருக்கு இது தேவையில்லை, புது பிளாஸ்டிக் ரிப்பர் ஒன்றே போதும், பழையதாக மட்டும் இருக்கக் கூடாது.

எட்டாவது ஒன்று இப்போது தொடங்கியிருக்கிறேன். என்னிடம் தையல் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு. இடது கைக்காரி, விரல் என்னுடையதைவிட நீளம். அவள் பிடித்துப் பதித்த மெழுகில் அகலமான இடம் 18 வந்தது, தட்டை முகமும் மறுபக்கம் வர வேண்டும். மரம் தேக்கு, இன்னும் முழுதாகக் காயவில்லை. ஈரத்தோடு ஒட்டினால் மரம் அப்புறம் சுருங்கும், உள்ளே இருக்கும் பித்தளை சுருங்காது, நீளவாக்கில் வெடித்துவிடும். ஞாயிறுதோறும் கட்டையை எடை போட்டு அதன்மேலேயே பென்சிலில் எழுதி வைக்கிறேன். போன வாரம் ஒரு கிராம் குறைந்திருந்தது. எடை மூன்று வாரம் மாறாமல் நின்றால் துளையிடுவேன்.